இலையுதிர் காலத்தில் முதல் டிரெயில் அரை மாரத்தான்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தார்ச்சாலையில் அரை மாரத்தானை, அதாவது சுமார் 21 கிலோமீட்டரை, இரண்டேகால் மணி நேரத்தில் முடிப்பவர், அதே தூரத்தை டிரெயிலில், அதாவது காட்டுப்பாதையில் ஓடினால் மூன்று மணி நேரம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கலாம். பயிற்சி போதவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. டிரெயிலில் தூரம் பாதிக் கணக்குதான். எவ்வளவு ஏறி இறங்குகிறோம், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதெல்லாம் மீதிக் கணக்கு. இலையுதிர் காலத்தில் அந்தக் காலடியையும் இலைகள் மூடிவிடுகின்றன. ஆகவே கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கில் யோசிப்பது, கண்ணுக்குத் தெரியாத தரையில் கால் வைக்கப் பழகுவது, இந்த இரண்டும்தான் தயாரிப்பின் பெரும்பகுதி.

சமதளத்தில் 8 அல்லது 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓடத் தெரிந்தவரை மனதில் வைத்து எழுதுகிறேன். அந்த அளவு இன்னும் வரவில்லையா, அவசரம் வேண்டாம். இந்தப் பருவத்தில் ஒரு 10 கிலோமீட்டர் டிரெயில் ஓட்டம் ஓடுங்கள். இதை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம்.

போட்டியைத் தேர்ந்தெடுப்பது

போட்டி விவரத்தில் முதலில் தேட வேண்டியது மொத்த ஏற்றம், அதாவது வழி முழுக்க ஏற வேண்டிய உயரங்களின் கூட்டுத்தொகை. சர்வதேச டிரெயில் ஓட்டச் சங்கம் பாதைகளை ஒப்பிடப் பயன்படுத்தும் கணக்கு எளிமையானது: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 கிலோமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். 21 கிலோமீட்டரும் 300 மீட்டர் ஏற்றமும் என்றால் 24. அதே 21 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏற வேண்டும் என்றால் 30. உங்கள் நிதான வேகம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் முதலாவதற்கு ஏறக்குறைய 2 மணி 50 நிமிடம் ஆகும், இரண்டாவதற்கு மூன்றரை மணி நேரம். சேறும் வேரும் நிறைந்த பாதை என்றால் இன்னும் கூடும். முதல் முறைக்கு 500 மீட்டருக்குள் ஏற்றம் இருக்கும் பாதையே போதும்.

தூரத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அரை மாரத்தானின் முறையான தூரம் 21.0975 கிலோமீட்டர். காட்டுப்பாதை அந்த அளவுக்கு வளைந்து கொடுக்காது. 'ஹாஃப்' என்று பெயர் வைத்த ஓட்டம் 19 கிலோமீட்டராகவும் இருக்கும், 23 ஆகவும் இருக்கும்.

அப்புறம் போன வருட முடிவுப் பட்டியலைத் திறந்து, நேராக அதன் கடைசிக்குப் போங்கள். முதலில் வந்தவரின் நேரத்தை வைத்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கடைசி இருபது பேர் எவ்வளவு நேரம் எடுத்திருக்கிறார்கள், கட்-ஆஃப் நேரத்துக்கு (அதற்குள் முடித்தாக வேண்டிய எல்லை நேரம்) எவ்வளவு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். போட்டி புதியவர்களுக்கு ஏற்றதா என்பதை விளம்பர வாசகங்களைவிட இந்த இருபது வரிகள் தெளிவாகச் சொல்லும்.

தேதி விஷயத்தில் என் சாய்வு பருவத்தின் முதல் பாதிக்கு. இலை கொஞ்சமாகத்தான் விழுந்திருக்கும், பகல் ஓரளவு நீளமாக இருக்கும், மண் முழுக்கச் சேறாகியிருக்காது. பருவம் முற்றிய பிறகு வரும் ஓட்டங்களுக்குத் தனி அழகு உண்டு. ஆனால் அவை முதல் ஓட்டத்துக்குக் கொஞ்சம் கடுமை.

காலணி

செலவு செய்வதாக இருந்தால் இதில் செய்யுங்கள். சாலைக் காலணியின் வழவழப்பான அடி, ஈர இலை மேல் பிடிக்கவே பிடிக்காது. டிரெயில் காலணியின் அடியில் ரப்பர் பற்கள் இருக்கும். காய்ந்த, கெட்டியான பாதைக்கு 3 மில்லிமீட்டர் ஆழம் போதும்; இலையும் சேறும் கலந்த பாதைக்கு 5 மில்லிமீட்டராவது வேண்டும். பற்களுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருக்கட்டும். நெருக்கமான பற்களுக்குள் சேறும் இலையும் அப்பிக்கொண்டால் பல் இருந்தும் பயனில்லை.

விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கி, நகம் காலணியின் நுனியில் மோதிக்கொண்டே இருக்கும். போட்டிக்குப் பிறகு நகம் கறுத்துப் போவது பெரும்பாலும் இதனால்தான். காலணியின் மேல் ஓரத்தில் பலரும் பயன்படுத்தாமல் விட்டுவிடும் கடைசி ஓட்டை ஒன்று இருக்கும். கயிற்றை அதில் வளையமாக விட்டு, எதிர்ப் பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்கினால் குதிகால் அசையாமல் நிற்கும், விரல்கள் தப்பிக்கும்.

தண்ணீர் புகாத சவ்வு வைத்த காலணி ஈரமான பருவத்துக்கு ஏற்றதாகத் தோன்றும். ஆனால் கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஒருமுறை இறங்கிவிட்டால் மேல்வழியாகப் புகுந்த நீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். நீர் உள்ளே வந்து வெளியே ஓடிவிடும் வலைத்துணிக் காலணியும் மெல்லிய கம்பளிக் காலுறையும் நடைமுறையில் நல்லது.

பன்னிரண்டு வாரப் பயிற்சி

வாரத்துக்கு நான்கு நாள் ஓடினால் போதும். இரண்டு நாள் நிதான ஓட்டம், ஒரு நாள் மேட்டுப் பயிற்சி, ஒரு நாள் நீண்ட ஓட்டம். நிதானம் என்றால் பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

நீண்ட ஓட்டத்தை நேரத்தால் அளந்து, முடிந்தவரை காட்டுப்பாதையிலேயே ஓடுங்கள். முதல் வாரம் 70 அல்லது 75 நிமிடம். வாரத்துக்குப் பத்து நிமிடம் போலக் கூட்டிக்கொண்டே போய், நான்காவது வாரம் ஒருமுறை குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். மறுபடி ஏறி, போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது இரண்டரை மணி நேரத்தைத் தொட்டால் போதும். அன்று எத்தனை கிலோமீட்டர் ஆனது என்பது முக்கியமில்லை. இரண்டரை மணி நேரம் காலில் நின்று பழகியிருக்கிறோம் என்பதுதான் கணக்கு.

மேட்டுப் பயிற்சிக்கு இரண்டு நிமிடத்தில் ஏறக்கூடிய சரிவு ஒன்று போதும். ஐந்து முறை ஏறி இறங்கத் தொடங்கி, எட்டு வரை கொண்டுபோங்கள். செங்குத்தான இடத்தில் வேக நடைக்கு மாறிவிடுங்கள்: உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, கைகளைத் தொடைமேல் ஊன்றித் தள்ளி, அடிகளைச் சின்னதாக வைத்து நடப்பது. நடந்தால் தோல்வி என்ற எண்ணம் சாலை ஓட்டக்காரர்களுக்குச் சீக்கிரம் போகாது. செங்குத்தில் மூச்சிரைக்க ஓடுபவருக்கும் நடப்பவருக்கும் வேக வித்தியாசம் மிகக் குறைவு. மேலே போய்ச் சேரும்போது நடந்தவருக்குத்தான் கால் மிச்சம் இருக்கும்.

பலரும் விட்டுவிடுவது இறக்கப் பயிற்சியை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் அது நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கும். இரண்டாம் நாள்தான் வலி உச்சத்துக்கு வரும். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை நன்றாக வலி கண்ட தசை அடுத்த முறை அதே வேலைக்கு மிகக் குறைவாகவே வலிக்கும். அதனால் பயிற்சியில் மேட்டிலிருந்து நடந்து இறங்காமல் ஓடி இறங்குங்கள். பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போட வேண்டாம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கைகளைச் சமநிலைக்காக விரித்து, அடிகளைக் குட்டையாக வேகமாக வையுங்கள். ஓர் அடி வழுக்கினாலும் அடுத்த அடி உடனே வந்து பிடித்துக்கொள்ளும்.

ஓடாத நாட்களில் பத்து நிமிடம் கணுக்காலுக்குக் கொடுங்கள். ஒற்றைக் காலில் நிற்பது, படியில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவது, படியிலிருந்து ஒற்றைக் காலில் மெல்ல இறங்குவது. பல் துலக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நின்று, பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். அப்போதுதான் கணுக்கால் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். டிரெயிலில் அடிக்கடி நேரும் காயங்களில் கணுக்கால் சுளுக்கும் ஒன்று.

இலைக்கு அடியில் இருக்கும் தரை

இலை எங்கே விழுகிறதோ அங்கேயே கிடப்பதில்லை. காற்றும் நீரும் அதைப் பள்ளங்களுக்கும் பாதையின் ஓரங்களுக்கும் தள்ளிச் சேர்க்கின்றன. ஆகவே இலை தடிமனாகவும் சமமாகவும் பரந்திருக்கும் இடம் பெரும்பாலும் குழியோ ஓடையின் தடமோதான். பார்வைக்குப் பாதையிலேயே மிருதுவான இடமாக அது தெரியும், கணுக்கால் அங்கேதான் மடங்கும். மேடான இடத்திலும், முன்னால் போனவர்களின் காலடி பட்டு இலை நசுங்கிக் கறுத்த இடத்திலும் கால் வைப்பது பாதுகாப்பு.

கல்லும் வேரும் இலைக்கு அடியிலும் தங்கள் உருவத்தைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். இலைப் பரப்பில் நீளமாக ஒரு வரம்பு தெரிந்தால் அடியில் வேர் இருக்கிறது. பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஈர வேரின் மேல் மிதிக்காதீர்கள், தாண்டிப் போங்கள். பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கிடக்கும், பட்டை உரிந்த வேர்தான் மிக மோசம். அதன் மேல் எந்தக் காலணியும் நிற்காது. மிதித்தே ஆக வேண்டும் என்றால் பாதத்தைத் தட்டையாக, எடையை நேர் கீழாக வைத்து, அங்கிருந்து உந்தாமல் கடந்துவிடுங்கள். மரப்பாலமும் மரப்படியும் அப்படித்தான். பாலத்தில் திரும்புவதோ வேகம் கூட்டுவதோ கூடாது. பாலம் முடிந்த பிறகு எதுவும் செய்யலாம்.

ஓக் மரங்கள் நிறைந்த காட்டில் இன்னொரு சங்கதி. இலைக்கு அடியில் கெட்டியான, உருண்டையான கொட்டைகள் கிடக்கும். சரிவில் அவற்றின் மேல் கால் பட்டால் கோலிக்குண்டுகளை மிதித்தது மாதிரிதான். அங்கே பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு ஒட்டி லேசாக இலையைத் தள்ளிக்கொண்டே இறங்கினால் கொட்டைகள் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

கண் எங்கே இருக்க வேண்டும்? காலடியில் இல்லை. மூன்று நான்கு அடி வைத்தால் வந்து சேரும் இடத்தில். அங்கே பார்த்ததை மூளை நினைவில் வைத்துக் காலுக்குச் சொல்லிவிடும். வேகம் கூடக் கூடப் பார்வை இன்னும் முன்னால் போக வேண்டும். இந்தப் பருவத்தில் சூரியன் தாழ்வாக இருப்பதால் மரங்களுக்கு நடுவே வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழும். நிழல் கோடு எது, வேர் எது என்று கண் தடுமாறும். விளிம்பு உள்ள தொப்பி உதவும். கறுப்புக் கண்ணாடி நிழலில் எல்லாவற்றையும் மறைத்துவிடும், வேண்டாம்.

இதெல்லாம் படித்தால் வராது. வாரத்துக்கு ஒருமுறையாவது இலை மேல் ஓடினால்தான் வரும். மழை பெய்த மறுநாள் கிடைத்தால் விடாதீர்கள்.

குளிர், ஈரம், இருட்டு

பருத்திச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வியர்வையையும் மழையையும் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டியபடி செயற்கை இழையிலோ மெரினோ கம்பளியிலோ ஒரு மெல்லிய சட்டை, அதற்கு மேல் மடித்து இடுப்பில் கட்டக்கூடிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட், மெல்லிய கையுறை. தொடக்கக் கோட்டில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அங்கேயே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் வேர்த்துக்கொட்டும்.

மேலே போகப் போக வெப்பம் 100 மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரி குறையும். 500 மீட்டர் ஏறினால் 3 டிகிரி. ஈரச் சட்டையோடு காற்றடிக்கும் முகட்டில் நிற்கிறவருக்கு இந்த 3 டிகிரி நன்றாகவே உறைக்கும். ஜாக்கெட்டை முகட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, கைவிரல்கள் ஜிப்பைப் பிடிக்கும் நிலையில் இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சி நாட்களில் மாலை சீக்கிரம் இருட்டிவிடும். தலையில் கட்டும் விளக்கு (ஹெட்லேம்ப்) பையிலேயே இருக்கட்டும். வடகோளத்தில் பல நாடுகளில் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில். உங்கள் போட்டி அன்றைக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் இது வேட்டைப் பருவமும்கூட. காட்டுக்குள் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு ஓடுவது நல்லது.

சாப்பாடும் தண்ணீரும்

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிய ஓட்டத்துக்கு வெளியிலிருந்து சக்தி வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. ஓட்டக்காரர்கள் சிறு உறையில் எடுத்துப்போகும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும், ஆக மணிக்கு இரண்டு. பசி வரும்வரை காத்திருக்காமல் 30 அல்லது 40 நிமிடத்தில் முதலாவதைத் தொடங்குங்கள். எந்த ஜெல் உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதை நீண்ட ஓட்டங்களில் கண்டுபிடித்துவிட வேண்டும். போட்டியன்று புதிதாக எதையும் சோதிக்கக் கூடாது.

குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கும். மணிக்கு 400 மில்லிலிட்டர் போலச் சிறிது சிறிதாகக் குடித்து வாருங்கள். அதற்காக வலிந்து குடித்துத் தள்ளவும் கூடாது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது வறட்சியைவிட ஆபத்தாக முடியலாம். டிரெயில் போட்டிகளில் உதவி மையங்கள் தூரம் தூரமாக இருக்கும், பல இடங்களில் கோப்பை தர மாட்டார்கள். மடிக்கும் கோப்பை ஒன்றும் அரை லிட்டர் பாட்டில் ஒன்றும் உங்களிடமே இருக்கட்டும்.

கடைசி இரண்டு வாரம்

ஓட்டத்தின் அளவைப் பாதியளவுக்குக் குறையுங்கள், சுறுசுறுப்பைக் குறைக்க வேண்டாம். விட்டுப்போன பயிற்சியை இப்போது சேர்த்துச் செய்ய முடியாது. செய்யப் பார்த்தால் களைப்புத்தான் சேரும். கால் நகங்களை நான்கைந்து நாள் முன்னாலேயே வெட்டிவிடுங்கள்.

கட்டாயப் பொருட்களின் பட்டியலை அமைப்பாளர்கள் அனுப்பியிருப்பார்கள். ஜாக்கெட், விசில், மீட்புப் போர்வை (உடல் சூட்டைக் காக்கும் பளபளப்பான மெல்லிய தாள்), சார்ஜ் உள்ள கைப்பேசி என்று இருக்கும். தொடக்கத்தில் பையைத் திறந்து பார்த்து, ஒன்று இல்லையென்றாலும் ஓட விடாத இடங்கள் உண்டு. பட்டியலில் இல்லாவிட்டாலும் விசிலையும் போர்வையையும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்து நூறு கிராம் வராது. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலைப்பகுதிகளில் ஆபத்துக்கான சைகை. வட அமெரிக்காவில் மூன்று முறை ஊதுவது வழக்கம்.

பாதையின் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வையுங்கள், இணையம் இல்லாமலும் திறக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

போட்டி நாள்

குளிரில் தசை இறுக்கமாக இருக்கும். தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மெதுவாக ஓடி, கணுக்காலையும் இடுப்பையும் சுழற்றிச் சூடேற்றுங்கள். அப்புறம் கூட்டத்தில் நடுவுக்கும் கொஞ்சம் பின்னால் போய் நில்லுங்கள். முதல் ஒரு கிலோமீட்டர் அகலமாக இருந்து, சட்டென்று ஒற்றையடிப் பாதையாகச் சுருங்குவது வழக்கம். அங்கே நெரிசலில் நின்று நின்றுதான் போக வேண்டியிருக்கும். அதற்காகப் பதற வேண்டாம், அந்த இரண்டு நிமிடத்தால் எதுவும் கெட்டுப்போகாது. அதைத் தவிர்க்கத் தொடக்கத்தில் பாய்ந்து ஓடினால்தான் பின்னால் விலை கொடுக்க நேரும்.

கையில் கட்டிய கடிகாரம் காட்டும் வேகத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். மரங்களுக்கு அடியிலும் வளைவுகளிலும் ஜி.பி.எஸ். தூரத்தைத் தப்பாகக் காட்டும், ஏற்றத்தில் வேகம் எப்படியும் பொருளற்றது. மூச்சைப் பாருங்கள். முதல் பாதி முழுக்கப் பேச முடிகிற மூச்சு, கடைசி 5 கிலோமீட்டரில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடலாம்.

வழிக் குறிகளைக் கவனித்துக்கொண்டே போங்கள். தரையில் சுண்ணாம்பால் போட்ட அம்புக்குறியை இந்தப் பருவத்தில் இலை மூடியிருக்கும், நாடாவைக் காற்று பிய்த்திருக்கும். முன்னால் போகிறவரை நம்பிப் போனால் இருவருமாகச் சேர்ந்து வழி தவறலாம். சில நிமிடம் ஓடியும் குறி எதுவும் கண்ணில் படவில்லையென்றால், கடைசியாகக் குறியைப் பார்த்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

பின்னால் ஒருவர் முந்த வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். நீங்கள் முந்தும்போது எந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று குரல் கொடுங்கள். ஜெல் உறையின் கிழித்த நுனிகூடக் காட்டில் விழக் கூடாது. யாராவது அடிபட்டுக் கிடந்தால் நின்று உதவ வேண்டும். பெரும்பாலான டிரெயில் போட்டிகளில் இது விதியாகவே இருக்கிறது. நடுக்கம், குழறும் பேச்சு, ஜிப்பைக்கூட இழுக்க முடியாத கை, இவை உடல் வெப்பம் ஆபத்தாக இறங்குவதன் அடையாளம். அப்படி ஒருவரைக் கண்டால் போர்வையைச் சுற்றி, காற்றுப் படாத இடத்தில் உட்காரவைத்து, அடுத்த மையத்துக்குச் செய்தி அனுப்புங்கள்.

15, 16 கிலோமீட்டருக்கு மேல் காலைத் தூக்குவது நமக்கே தெரியாமல் குறைந்துவிடும். வேரில் தட்டி விழுவது அதிகமும் அப்போதுதான். அந்தக் கட்டத்தில் வரும் இறக்கங்களில் பாதத்தைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்க வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

முடித்த பிறகு

பதக்கப் படம் எடுப்பதற்கு முன் ஈரத் துணியை மாற்றுங்கள். ஓட்டம் நின்ற பத்து நிமிடத்தில் உடம்பு வேகமாகக் குளிர்ந்துவிடும். காய்ந்த சட்டை, காலுறை, தொப்பி, தடித்த மேலங்கி இவ்வளவும் ஒரு பையில் தொடக்க இடத்திலேயே காத்திருக்கட்டும். சூடாக எதையாவது குடித்து, அரை மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள்.

குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். கோடையோடு அவை போய்விட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். குளிர் முழுதாக இறங்கும்வரை பல காடுகளில் அவை இருக்கும். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

காலணியைக் கழுவி, உட்தகட்டை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாளை ஒருமுறை மாற்றினால் மறுநாள் காய்ந்திருக்கும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுவிடும். இரண்டு மூன்று நாள் மாடிப்படி இறங்குவது சிரமமாக இருக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குங்கள். நடக்கலாம், மெதுவாக சைக்கிள் ஓட்டலாம். ஓடுவதற்கு ஒரு வாரம் பொறுங்கள்.